தோற்கிற அணி, மூன்று கோடி டாலர் பிட்சர்: விற்றுவிடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். பல வருடங்களாக பேஸ்பால் பார்க்கிறேன், ஆனால் நுணுக்கமெல்லாம் தெரியாது. எங்கள் அணி கடைசி இடத்தில் கிடக்கிறது. எங்களுடைய 38 வயது பிட்சரை (பந்து வீசுபவர்) ஜூலைக் கடைசிக்குள் விற்றுவிடுவார்கள் என்கிறார்கள். அவருக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் சம்பளம், ஒப்பந்தம் அடுத்த ஆண்டும் இருக்கிறது. விற்ற பிறகும் பாதிச் சம்பளத்தை எங்கள் அணியே கட்டும் என்று படித்தேன். ஆளையும் கொடுத்து, காசையும் கொடுப்பதா? இது என்ன வியாபாரம்? இன்னொன்று: பதிலுக்கு வரப்போகும், கீழ்மட்டமான மைனர் லீக்கில் ஆடும் பையனின் படம் போட்ட கார்டுகளை இப்போதே வாங்கிப் போடு, உன் மகன் காலேஜ் போகும்போது உதவும் என்கிறார் ஒரு நண்பர். வாங்கலாமா?

பதில்: விற்கலாம். கார்டு வாங்க வேண்டாம். எந்த அணி என்று நீங்கள் எழுதவில்லை, கேலி செய்வார்கள் என்ற பயமோ என்னவோ. எந்த அணியாக இருந்தாலும் இந்த இரண்டு பதிலும் மாறாது.

முதலில் உங்களை உறுத்துகிற காசு விஷயம். பேஸ்பாலின் உச்சமட்டமான மேஜர் லீக்கில் ஒப்பந்தச் சம்பளம் உறுதியானது. அவர் ஜெயித்தாலும் தோற்றாலும், தோள் வலி என்று படுத்துவிட்டாலும், ஏன், அணியே அவரை வீட்டுக்கு அனுப்பினாலும் அந்தப் பணம் அவருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதாவது, கையெழுத்துப் போட்ட அன்றே போன பணம். கல்யாண மண்டபத்துக்கு முழு வாடகையும் கட்டிய பிறகு கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? பாதி வாடகைக்கு யாராவது எடுத்துக்கொள்வார்களா என்றுதான் பார்ப்பீர்கள். அதேதான் இங்கும். வாங்குகிற அணி எவ்வளவு குறைவாகச் சம்பளத்தைச் சுமக்கிறதோ, அவ்வளவு நல்ல பையனைப் பதிலுக்குக் கொடுக்கும். நீங்கள் படித்த அந்தப் பாதிச் சம்பளம் அந்தப் பையனுக்கான விலை.

2023இல் நியூயார்க் மெட்ஸ் செய்ததைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். இரண்டு பெரிய பிட்சர்கள் அங்கே இருந்தார்கள்: மேக்ஸ் ஷெர்சருக்கு மூன்று ஆண்டுக்கு 13 கோடி டாலர், ஜஸ்டின் வெர்லாண்டருக்கு இரண்டு ஆண்டுக்கு சுமார் 8.67 கோடி. இருவருக்குமே ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 4.33 கோடி. ஒருவருக்கு 39 வயது, இன்னொருவருக்கு 40. அதுவரை வரலாற்றிலேயே அதிகச் சம்பளம் கொடுத்த அந்த அணி ஜூலை முடிவதற்குள் படுத்துவிட்டது. ஷெர்சரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கும், சில நாளில் வெர்லாண்டரை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கும் அனுப்பினார்கள். ஷெர்சருக்கு அடுத்த ஆண்டையும் சேர்த்து ஏறக்குறைய 5.8 கோடி பாக்கி. அதில் சுமார் 3.5 கோடியை மெட்ஸே கட்டியது. வெர்லாண்டருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு.

அப்போது எல்லாரும் உங்களைப் போலத்தான் கொதித்தார்கள். அந்த ஆண்டே ரேஞ்சர்ஸ் முதல்முறையாக உலகத் தொடரை (மேஜர் லீக்கின் இறுதிப் போட்டி) வென்றதும் கொதிப்பு இன்னும் ஏறியது. ஆனால் அந்தத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் போட்டதும் முதுகைப் பிடித்துக்கொண்டு ஷெர்சர் வெளியேறினார், பிறகு அந்தத் தொடரில் அவர் ஆடவில்லை. 2024 முழுவதிலும் அவர் பந்துவீச்சைத் தொடங்கியது 9 ஆட்டத்தில்தான். வெர்லாண்டரின் ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன், அந்த ஆண்டு 5.48. அவ்வளவு கொடுத்தால் எந்த அணிக்கும் கஷ்டம்தான். மெட்ஸோ இருவரும் இல்லாமல் 89 ஆட்டம் வென்று, மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் இறுதிச் சுற்றுவரை போனது.

ஷெர்சருக்குப் பதிலாக வந்தவர் லூயிஸ் ஏஞ்சல் அகுன்யா, அப்போது 21 வயது. 2024 செப்டம்பரில் மெட்ஸின் நட்சத்திரம் பிரான்சிஸ்கோ லிண்டோர் முதுகு வலியால் உட்கார்ந்துவிட, பிளே ஆஃப் (பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) இடத்துக்கு ஒவ்வொரு ஆட்டமும் கழுத்தை நெரித்த நேரத்தில், அந்தப் பையன் அவருடைய இடமான ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே) நின்று 14 ஆட்டத்தில் 3 ஹோம் ரன் அடித்தார். பெரிய நட்சத்திரமாக வந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எப்படியும் போகிற காசில் அது கிடைத்தது.

ஆகவே செய்தி வரும்போது யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தேடுங்கள்: நம் அணி எவ்வளவு சம்பளத்தைச் சுமக்கிறது? பெரிய தொகை என்றால் முதலாளி அணிக்காக வேலை செய்கிறார். சம்பளம் முழுவதையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டோம் என்று மார்தட்டினால் அவர் தன் பைக்காக வேலை செய்கிறார். அப்போது பதிலுக்கு வருவது பெயரளவுக்கு இரண்டு பையன்கள்தான். அந்த விற்பனையை “மறுகட்டமைப்பு” என்பார்கள், ஐந்து வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள், டிக்கெட் விலையை மட்டும் குறைக்க மாட்டார்கள். உங்கள் முதலாளி அந்த ரகம் என்றால் பிட்சரை வைத்துக்கொள்ளட்டும். அவர் வீசும் முறை வரும்போது, ஐந்து நாளுக்கு ஒருமுறையாவது உருப்படியான ஆட்டம் பார்ப்பீர்கள்.

இதில் முழுப் பழியையும் முதலாளிகள் மேல் போடவும் முடியாது. இவ்வளவுக்குக் கீழே சம்பளம் போகக் கூடாது என்று லீக்கில் ஒரு விதியும் இல்லை. ஆனால் மேலே போனால் வரி. 2023இல் அணியின் மொத்தச் சம்பளம் 23.3 கோடி டாலரைத் தாண்டினால் வரி, மெட்ஸ் கட்டியது 10 கோடிக்கு மேல். செலவு செய்கிறவனுக்கு அபராதம், சும்மா இருப்பவனுக்கு லீக் வருமானத்தில் பங்குப் பணம்! 2022இலிருந்து பிளே ஆஃபுக்கு 12 அணிகள் போகலாம் என்று ஆக்கியதும் பாதி லீக் ஜூலையில் “நாமும் இருக்கிறோமோ” என்று முழிக்கிறது. டிராஃப்டில், அதாவது புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பதில், தன் முறையை விற்கவும் பெரும்பாலும் வழியில்லை. அப்புறம் மைனர் லீக் பையன்களைத் தவிர எதைக் கொடுப்பார்கள்? பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்க ஆளில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை ரசிகர்கள் யாரும் கேட்பதே இல்லை. உங்கள் பிட்சர் “போக மாட்டேன்” என்று சொல்லலாம். லீக்கில் மொத்தம் 10 ஆண்டு ஆடி, அதில் கடைசி 5 ஆண்டு தொடர்ந்து ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1973இல் வந்த உரிமை இது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சிகாகோ கப்ஸின் ரான் சான்டோ, கலிபோர்னியா ஏஞ்சல்ஸுக்குப் போக மாட்டேன் என்று இதை முதலில் பயன்படுத்தினார். கடைசியில் அதே ஊரில் இருந்த ஒயிட் சாக்ஸுக்குத்தான் போனார். பத்தும் ஐந்தும் ஆகவில்லை என்றாலும், ஒப்பந்தத்திலேயே அப்படி ஓர் உரிமையை எழுதி வாங்கியிருக்கலாம். முழுசாக வாங்கியிருக்கலாம், அல்லது இந்த இந்த அணிகளுக்கு மட்டும் மாட்டேன் என்று ஒரு பட்டியலாக. ஷெர்சருக்கும் வெர்லாண்டருக்கும் அந்த உரிமை இருந்தது, இருவரும் விட்டுக்கொடுத்த பிறகுதான் விற்க முடிந்தது. இன்னொரு சிக்கல்: விட்டுக்கொடுத்துப் போனவருக்குப் புது அணியில் அந்த ஐந்தாண்டுக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் பலர் யோசிக்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். 2017இல் டெட்ராய்ட் டைகர்ஸ் வெர்லாண்டரை விற்றபோதும் இதே உரிமைதான் குறுக்கே நின்றது. அந்தக் காலத்தில் ஆகஸ்டிலும் விற்க வழி இருந்தது (2019இல் அதையும் மூடிவிட்டார்கள்). ஆகஸ்ட் 31 இரவு, கெடு முடியப்போகும் கடைசி நேரத்தில் அவர் சரி என்றார். அவர் இல்லை என்றிருந்தால் அந்தப் பேச்சுவார்த்தை முழுக்க வீண். உங்கள் பிட்சருக்கு இந்த உரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வாங்கப்போகும் அணிகள் என்று பத்திரிகையில் வரும் பெயர்களில் பாதியை அடித்துவிடலாம்.

சரி, கார்டுக்கு வருவோம். அதே 2017 விற்பனையில் டெட்ராய்ட்டுக்கு மூன்று பையன்கள் வந்தார்கள். அதில் பெரிய பெயர் பிராங்க்ளின் பெரெஸ் என்ற பிட்சர், 19 வயது, எல்லாப் பட்டியலிலும் இடம் பெற்றவர். தோள் காயம், மறுபடி காயம், டெட்ராய்ட்டுக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. மூவரில் நிலைத்தவர் ஜேக் ராஜர்ஸ் என்ற கேட்சர் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்). வெர்லாண்டரோ ஹூஸ்டனில் அந்த ஆண்டே உலகத் தொடரை வென்று, பிறகு இரண்டு முறை சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் வாங்கினார்.

இப்போது எதிர்ப்பக்கம். 1987 ஆகஸ்டில் அட்லாண்டா பிரேவ்ஸ் தோற்றுக்கொண்டிருந்தது. 36 வயது பிட்சர் டாயில் அலெக்சாண்டரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து ஒரு மைனர் லீக் பையனை வாங்கியது. அந்தப் பையன் அந்த ஆண்டு கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற மைனர் லீக் அணியில் 4 ஆட்டம் வென்று 10 ஆட்டம் தோற்றிருந்தான், ஈ.ஆர்.ஏ. 5.68. அலெக்சாண்டர் டெட்ராய்ட்டில் 9 வெற்றி, தோல்வியே இல்லை. டெட்ராய்ட் தன் பிரிவையும் வென்றது. அட்லாண்டா ஏமாந்தது என்று அன்று யாரும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ். 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து வெற்றியைக் காப்பாற்றுவது), 2015இல் பெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம்.

அப்படியானால் அந்த மாதிரிப் பையனைப் பார்த்து வாங்கினால் போயிற்று என்பார் உங்கள் நண்பர். 4 வெற்றி 10 தோல்வியைப் பார்த்து யார் வாங்கியிருப்பார்கள்? அணிகளிடம் தேர்வாளர்கள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு பந்தின் சுழற்சிவரை கணக்கு இருக்கிறது. அவர்களே தவறுகிறார்கள். பல பையன்களை ஒரே சமயத்தில் வைத்திருப்பதால் ஒருவன் போனாலும் இன்னொருவன் தாங்கிவிடுவான். நீங்கள் ஒரே ஒரு பையனின் முழங்கையை நம்பி மகனின் படிப்பை வைக்கப் போகிறீர்கள்.

இந்தக் கார்டு வியாபாரத்தில் எனக்கு எரிச்சல் தருவது வேறு. ஜூலை மூன்றாவது வாரம் வந்தால் போதும், எங்கிருந்தோ “உள்ளிருந்து கிடைத்த தகவல்” முளைக்கும். இன்ன பையன் இன்ன பிட்சருக்குப் பதிலாக வருகிறான் என்று ஒருவர் எழுதுவார். எழுதியவர் கையில் அந்தப் பையனின் கார்டு ஒரு பெட்டி இருக்கும். விலை ஏறும், அவர் விற்பார், ஆகஸ்ட் முதல் வாரத்தில் பையன் பழைய ஊரிலேயே பஸ் ஏறிக்கொண்டிருப்பான். பிரபல நிருபர்களின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலிக் கணக்குகளும் வரும், ஆண்டுதோறும் ஏமாறுகிறார்கள். ஏஜெண்டுகள் கசிய விடுவதும் இதே சந்தையில்தான் விழுகிறது. நான்கு அணிகள் போட்டி போடுகின்றன என்று கேள்விப்பட்டால், அதை யார் சொன்னால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். இப்போது பந்தய ஆப்களும் சேர்ந்துகொண்டன. பிட்சர் எந்த அணிக்குப் போவார் என்று அதற்கும் பணம் கட்டச் சொல்வார்கள். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

மகனுக்குக் கார்டு பிடிக்கும் என்றால் சில டாலருக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுங்கள், பிரித்துப் பார்த்துச் சந்தோஷப்படட்டும். காலேஜ் பணத்தை வங்கியிலோ அதற்கென்று இருக்கும் 529 சேமிப்புக் கணக்கிலோ போடுங்கள். நண்பரிடம் மட்டும் ஒன்று கேட்டுவிட்டு வாருங்கள்: அந்தப் பையனின் கார்டு அவரிடம் எத்தனை இருக்கிறது, அவர் எப்போது விற்கப் போகிறார்?