கேள்வி நேரம்: ஜூஜூவும் லலிதாஜியும்

கே: வோடஃபோன் விளம்பரத்துல வந்த ஜூஜூ பொம்மைங்க கம்ப்யூட்டர்ல பண்ணதுதானே?

ப: இல்லவே இல்லங்க, எல்லாம் நிஜ ஆளுங்க! 2009 ஐபிஎல் சமயத்துல வந்துச்சு, ஓகில்வி ஏஜென்சி ஐடியா, பிரகாஷ் வர்மா டைரக்‌ஷன், ஷூட்டிங் தென்னாப்பிரிக்கா கேப் டவுன்ல. ஒல்லியான நடிகர்களுக்கு வெள்ளை டிரஸ்ஸ மாட்டி, மேல முட்டை மாதிரி பெரிய தலைய வச்சு, சிரிப்பு அழுகைன்னு ஒவ்வொரு முகபாவத்தையும் அதுமேல தனித்தனியா ஒட்டி எடுத்தாங்க, கேமரா வேகத்தையும் கொறச்சதால ஓட்டிப் பாக்கறப்ப அப்படியே கார்ட்டூன் நடை வந்துருச்சு. முகமே தெரியாம உடம்ப மட்டும் வச்சு சிரிக்க வைக்கறது லேசுப்பட்ட வேலையா? உள்ள இருந்தவங்க பேர் நமக்குத் தெரியாமலே போச்சேன்னு எனக்கு ரொம்ப வருத்தம்.

கே: பழைய சர்ஃப் விளம்பரத்துல வந்த லலிதாஜி யாரு?

ப: நடிகை கவிதா சௌத்ரி. வெல கம்மியான நிர்மா பவுடர் மார்க்கெட்ட அள்ளிட்டுப் போன 80கள்ல, சர்ஃபுக்காக விளம்பரப் படைப்பாளி அலிக் பதம்சீ உருவாக்குன கேரக்டர் அது. கறாரா பேரம் பேசுற அந்த அம்மாவ யாராலயும் ஏமாத்த முடியாது, அதான் ஜனங்க நம்புனாங்க. ஆனா என்னைக் கேட்டா கவிதாவோட பெரிய சாதனை 1989ல தூர்தர்ஷன்ல வந்த உடான் சீரியல்தான், எழுதி, டைரக்ட் பண்ணி, நடிச்சதும் அவங்களே! போலீஸ் ஆபீசரா இருந்த அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா வாழ்க்கைதான் கதைக்கு அடிப்படை, அந்த அக்கா 2004ல உத்தராகண்ட் டிஜிபி ஆனாங்க. கவிதா 2024 பிப்ரவரில காலமாயிட்டாங்க.