அக்ரிலிக் பல்செட்டைக் கொதிநீரில் போட்டுக் கிருமிநீக்கம் செய்யலாமா?

பெங்களூரு அல்சூரில் உங்களுடன் வசிக்கும் மாமியாரின் பல்செட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொதிநீர் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் வெளுத்து, வடிவம் திரிந்து, ஈறில் பொருந்தாமல் போய்விடும்.

மென்மையான பிரஷ்ஷால் தேய்த்த பின், 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, 10 நிமிடத்துக்கு மிகாமல் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். கூடுதலாக ஊறினால் இளஞ்சிவப்பு நிறம் மங்கும். உலோகக் கொக்கி இருந்தால் அரித்துவிடும் என்பதால் நீரில் கரைத்துப் பல்செட்டை ஊறவைக்கும் சுத்திகரிப்பு மாத்திரையே நல்லது. பற்பசையையும் தவிர்த்துவிடுங்கள், அது உண்டாக்கும் நுண்ணிய கீறல்களில்தான் கேண்டிடா பூஞ்சை ஒட்டி வளர்கிறது. ஸ்பிரிட் பட்டால் விரிசல் விடும். போர்வெல் நீரின் வெள்ளைப் படிவுக்கு, நீர்த்த வினிகரைத் தனியே பயன்படுத்தலாம். ஹைப்போகுளோரைட்டுடன் கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும்.