முகாம் முடிந்த மறுநாள் யார் இருப்பார்கள்? – நர்சம்மாவின் கேள்வி பதில்

பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது திருவொற்றியூரில் இருக்கிறேன். வடசென்னைப் பிள்ளைகள் பலர் அந்தக் கிராமங்களுக்கு உதவி செய்யக் கிளம்புகிறார்கள், சந்தோஷம். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

கே (வியாசர்பாடி): அக்கா, பழவேற்காடு பக்கம் ஒரு கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் நடத்த இருக்கிறோம். டாக்டர் கிடைத்துவிட்டார். வேறு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

ப: தம்பி, பந்தல், நாற்காலியெல்லாம் அப்புறம். அந்த ஊர் எந்தத் துணை சுகாதார நிலையத்தில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அங்கே இருக்கும் செவிலியருக்கு எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். நோயாளி விவரத்தை உங்களிடம் காட்ட மாட்டார், காட்டவும் கூடாது. ஆனால் எந்தத் தெருவில் ஆள் தேவை என்று சொல்வார்.

முகாமில் ஒரு பாட்டிக்கு பி.பி. பார்க்கிறீர்கள், அதிகமாக இருக்கிறது. பத்து நாளைக்கு மாத்திரை கொடுக்கிறீர்கள். பதினோராம் நாள் அவர் என்ன செய்வார்? தலைசுற்றல் நின்றுவிட்டது, குணமாகிவிட்டது என்று இருந்துவிடுவார். பாதியில் நின்ற மாத்திரையால் பக்கவாதம் வந்து கிடந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் நீங்கள் வண்டி ஏற வேண்டும்.

நேரத்தையும் ஊரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஏரியில் கையால் இறால் பிடிக்கப் போகிற இருளர் பெண்கள் உங்கள் பத்து மணிக்கு ஊரில் இருக்க மாட்டார்கள்.

கே (காசிமேடு): சிஸ்டர், என் வீட்டுக்காரருக்கு டி.பி. இரண்டு மாதம் மாத்திரை போட்டதில் இருமல் நின்றுவிட்டது. போட்டில் போனால் திரும்பி வர நாளாகும். இப்போது நிறுத்தலாமா?

ப: கூடாதம்மா. இருமல் நின்றாலும் கிருமி உள்ளேதான் இருக்கும். சாதாரண காசநோய்க்கே 6 மாதம் முழுசாகச் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் அதே மாத்திரைக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரும், அப்போது மருத்துவம் இன்னும் கடினம். எத்தனை நாள் கடலில் இருப்பார் என்று மாத்திரை வாங்கும் மையத்தில் முன்கூட்டியே சொல்லி, அதற்குத் தகுந்த மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். போட்டில் கூடப் போகிறவர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள், அவர் தினமும் ஞாபகப்படுத்தட்டும். வீட்டில் உள்ள பிள்ளைகளையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். 2018இல் 500 ரூபாயாக இருந்ததை உயர்த்தியிருக்கிறார்கள். வரவில்லை என்றால் விடாமல் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோய் வந்தவரை வீட்டை விட்டு ஒதுக்காதீர்கள். 1956இல் நம் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கி, இந்த ஊர் ஏழைகள் 193 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப்பேர் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், மீதிப்பேர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. 1959இல் அந்த முடிவு வெளிவந்த பிறகு உலகமே காசநோய்க்கு வைத்தியம் பார்க்கும் முறையை மாற்றிக்கொண்டது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீடே போதும் என்று காட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

கே (கொருக்குப்பேட்டை): முகாம் நடத்த எவ்வளவு செலவாகும்?

ப: வியாசர்பாடித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். செலவு அதற்குப் பிறகு.

கே (ராயபுரம்): முகாம் வீண் என்பது போலச் சொல்கிறீர்கள். எங்கள் முகாமில்தான் ஒரு பெரியவருக்குக் கண்புரை இருப்பதே தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது தனியாக நடமாடுகிறார்.

ப: நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். கண்புரை முகாமை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். புரை அறுவை ஒரு தடவை செய்தால் முடிந்தது, பார்வை வந்துவிடும். சர்க்கரை, பி.பி., ரத்தசோகை, காசநோய் எதுவும் அப்படி ஒரே நாளில் முடிகிற நோய் இல்லை. அதற்கு வருஷக்கணக்கில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் பெரியவரைக்கூட ஆபரேஷனுக்கு அழைத்துப் போய், சொட்டு மருந்து விட்டு, மறுபடி காட்டக் கூட்டிப்போனவர் யார்? அந்த ஆளைத்தான் நான் கேட்கிறேன்.

கே (திருவொற்றியூர்): நர்சம்மா, படிக்காத ஊரில் அப்படி ஆள் எங்கே கிடைக்கும்? டாக்டரும் நர்சும் வராத இடத்தில் முகாம்தானே வழி?

ப: இல்லை தம்பி, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்ற வறண்ட பகுதிக்கு 1970இல் அரோலே தம்பதி போனார்கள், இரண்டு பேருமே டாக்டர்கள். ஊர் தேர்ந்தெடுத்த பெண்களுக்கு அவர்கள் பயிற்சி கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அதில் நிறையப் பேர். அவர்கள்தான் பிரசவம் பார்த்தார்கள், குழந்தைகளின் எடையைக் கவனித்தார்கள். அதே மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். மூன்றாம் வருஷத்தில், பிறந்த 28 நாளுக்குள் குழந்தை இறப்பது 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அது வந்தது. நம் தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் டாக்டர்கள் ரெஜி, லலிதா தம்பதி 1993இல் ஒரு குடிசையில்தான் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். அங்கேயும் தூணாக நின்றவர்கள் அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்கள்.

படிக்காத ஊரில் ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். யார் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று அந்த ஊர்ப் பெண்ணுக்கு உங்களுக்கு முன்னால் தெரியும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. இதைக் கலக்கக் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி இருந்தால் நடு ராத்திரியில் ஒரு குழந்தை பிழைக்கும்.

கே (பெரம்பூர்): முகாம் வைத்தால்தானே ஊர் மக்களுக்கு நம் மேல் நம்பிக்கை வரும்? பிறகு மற்றதைச் செய்யலாமே?

ப: ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களை அந்த மக்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை போங்கள், நம்பிக்கை தானாக வரும்.

கே (தண்டையார்பேட்டை): முகாமுக்கு மருந்து நன்கொடையாக எங்கே கிடைக்கும்?

ப: மிச்சப்பட்ட மருந்தை வீடு வீடாக வசூலித்து எடுத்துப் போகாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். முகாம் பற்றி இனி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

கே (வண்ணாரப்பேட்டை): மூட்டு வலிக்கு ஊசி போடுகிற ஒருவர் கிராமத்தில் இருக்கிறார். உடனே வலி போகிறதாம். போகலாமா?

ப: போகாதீர்கள். மருத்துவம் படிக்காமல் ஊசி போடுகிறவர் எதைப் போடுகிறார் என்று யாருக்கும் தெரியாது.

கே (எர்ணாவூர்): ஆசிரியப் பயிற்சி படிக்கிறேன். வாரக் கடைசியில் இருளர் குடியிருப்பில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் இந்த வாரம் வந்தால் அடுத்த வாரம் காணவில்லை. அவர்களுக்கு ஆர்வம் இல்லையா?

ப: ஆர்வம் இல்லை என்று மட்டும் எழுதி மூடிவிடாதேம்மா. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதானே போவார்கள்? எந்த மாதம் போகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுதி வை. போகிற இடத்துப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். பிறப்புச் சான்று இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்ப முடியாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தரவும் அதில் வழி உண்டு.

அப்புறம் பிள்ளையின் உடம்பைப் பார். பலகையில் எழுதியது தெரியாத பிள்ளையை மக்கு என்று உட்கார வைத்திருப்பார்கள், கண்ணாடி போட்டால் படிக்கும். குடற்புழுவும் ரத்தசோகையும் இருந்தால் மத்தியானத்துக்குள் சோர்ந்துவிடும். பள்ளியில் கொடுக்கிற அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையை மென்று சாப்பிட்டதா என்று பார். வளர்ந்த பெண்களுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதைச் சாப்பிட்டதும் டீ குடிக்கக் கூடாது, சத்து சேராது. வயிற்றைப் புரட்டினாலும் நிறுத்தாமல், சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல். காலை உணவு 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் உண்டு, பிள்ளை அதற்கு நேரத்தோடு போகிறதா என்று அம்மாக்களிடம் கேள்.

பெரிய தடை சாதிச் சான்று. பழங்குடிச் சான்று தருவது வருவாய்க் கோட்டாட்சியர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலைய அந்தப் பெற்றோரால் முடியாது. நீ மனு எழுதிக் கொடுத்துக் கூடப் போய் நில். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது சட்டம். அதில் அந்தக் குடியிருப்பு அம்மா ஒருவர் வரப் பார். பள்ளியில் கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நீ சொல்வதைவிட அவர் சொன்னால் வேலை நடக்கும்.

கே (எண்ணூர்): கிராமத்தில் பாம்பு கடித்தால்?

ப: கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் 108க்கு அழையுங்கள்.

கே (மணலி): மீஞ்சூர் பக்கத்தில் எங்கள் உறவுப் பெண், வயசு 16. பத்தாவது பாஸ். கல்யாணம் பேசுகிறார்கள். நான் தலையிட்டால் சண்டை வரும் என்று பயமாக இருக்கிறது.

ப: தலையிடு தம்பி. 18 வயசுக்கு முன் கல்யாணம் குற்றம். 1098 குழந்தைகள் உதவி எண், அழைத்தவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் முதலில் அம்மாவிடம் பேசு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 2022இல் நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். செலவுதான் கவலை என்றால் இதைச் சொன்னால் யோசிப்பார்கள். பிளஸ் ஒன் சேர்க்கை முடிவதற்குள் அவளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார். பஸ் வசதி இல்லாததால் நிறுத்துகிறார்கள் என்றால் எந்த ஊர் என்று எழுது, அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த செவிலியர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.