பெண்களுக்கான சத்து மாத்திரை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 42. ஆறு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மதியத்துக்கு மேல் உடம்பு ஓய்ந்துபோகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆன்லைனில் பார்த்து 'பெண்களுக்கான' மல்டிவைட்டமின், முடிக்கு பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சேர்த்த, மிட்டாய் மாதிரி மெல்லும் 'கம்மி', சருமத்துக்கு கொலாஜன் பவுடர், இரும்புச்சத்து சேர்த்த ஹெல்த் மிக்ஸ் என்று வாங்கியதில் மாதம் 3,000 ரூபாய் போகிறது. என் நாத்தனார் அஸ்வகந்தாவும் சாப்பிடச் சொல்கிறார். எல்லா டப்பாவிலும் 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? மாதவிலக்கு இப்போதெல்லாம் எட்டு நாள் வரை போகிறது. இந்த வயதில் அது சகஜம்தானே?

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த எட்டு நாள், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். சகஜம் இல்லை. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, கட்டி கட்டியாகப் போவது, இதில் எது இருந்தாலும் அதிக உதிரப்போக்குதான். கூடவே சோர்வு, மூச்சு வாங்குதல், முடி கொட்டுதல். முதலில் எனக்கு இரும்புச்சத்துக் குறைபாட்டின் மேல்தான் சந்தேகம் வருகிறது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, பி12 நான்கையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 15-க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது. மருத்துவர்கள் பலர் 30-க்குக் கீழேயே கவனிக்க ஆரம்பித்துவிடுவோம். ஹீமோகுளோபின் குறைந்து ஃபெரிட்டின் மட்டும் சரியாக இருந்தால் காரணம் வேறு. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு உள்ளவர்களுக்கு இப்படி வரலாம். அவர்களுக்குத் தேவையில்லாமல் இரும்பு கொடுக்கக் கூடாது.

சரி, பரிசோதனைக்குப் போகும் முன் ஒன்று. அந்தக் கம்மியை இன்றே நிறுத்துங்கள். என்னிடம் ஒரு பெண் வந்தார். தைராய்டு ரிப்போர்ட்டில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.ஹெச். தரையில் கிடந்தது, தைராய்டு சுரக்கிற டி4 ஏறியிருந்தது. பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிற மாதிரி. ஆனால் ஆளைப் பார்த்தால் கை நடுக்கமில்லை, படபடப்பில்லை, எடையும் குறையவில்லை. பையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். ஒருநாளைக்கு நமக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம்தான், அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். நிறுத்தச் சொல்லி ஒரு வாரம் கழித்து எடுத்தால் எல்லாம் நார்மல். பல லேப்களில் பரிசோதனை முறையிலேயே பயோட்டின் பயன்படுகிறது. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் எண்கள் தாறுமாறாகும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனைகூடத் தவறாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்தது. முடிக்காகச் சாப்பிட்டவருக்குத் தைராய்டு மாத்திரை எழுதியிருப்பேன், நல்லவேளை.

இனி 'நிரூபிக்கப்பட்டது' என்ற வார்த்தை. எந்தப் பொருள், எத்தனை மில்லிகிராம், யாருக்கு, என்ன பலன்? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் நம்பலாம். ஃபோலிக் அமிலத்துக்கு இருக்கிறது. முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு ஒரு குழந்தை பெற்ற பெண்களிடம், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். அதே குறைபாடு திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு அது. கிரான்பெர்ரிக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற பெண்களுக்கு, அதுவும் திரும்ப வராமல் தடுக்க மட்டும். வந்துவிட்ட தொற்றை அது ஆற்றாது. கொலாஜனில் ஆய்வுகள் இருக்கின்றன, பெரும்பாலும் சின்னவை, பலவற்றுக்குப் பணம் போட்டதே விற்கிறவர்கள்தான். காசு மிச்சமிருந்தால் சாப்பிடுங்கள்.

அஸ்வகந்தா விஷயத்தில் நாத்தனாரிடம் பக்குவமாக மறுத்துவிடுங்கள். கல்லீரல் பாதிப்பு வந்தவர்கள் பற்றிய பதிவுகள் நம் நாட்டிலிருந்தே வந்திருக்கின்றன. தைராய்டு அளவையும் அது ஏற்றலாம். உங்கள் தைராய்டு எப்படி இருக்கிறது என்றே இன்னும் தெரியாதே. கர்ப்பத்திலும் கூடாது.

ஃபெரிட்டின் குறைவு என்று வந்தால் லேபிளில் 'எலமெண்டல் அயர்ன்' எவ்வளவு என்று தேடுங்கள். 'ஃபெரஸ் ஃபியூமரேட் 30 மி.கி.' என்று போட்டிருந்தால் அதில் உண்மையான இரும்பு மூன்றில் ஒரு பங்கு, சுமார் 10 மில்லிகிராம். ஃபெரஸ் சல்ஃபேட்டில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்குதான். அந்த 10-ஐ வைத்துக்கொண்டு காலியான களஞ்சியத்தை நிரப்ப முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற சிவப்பு மாத்திரையில் எலமெண்டல் இரும்பே 60 மில்லிகிராம், கூடவே ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். அலங்காரம் இல்லாத மாத்திரை, அவ்வளவுதான்.

தினமும்தான் சாப்பிட வேண்டும் என்றில்லை. ஒருநாள் இரும்பு சாப்பிட்டால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து மறுநாள் குடலின் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. இரும்பு குறைந்த பெண்களிடம் சூரிச்சில் செய்த ஆய்வில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது நன்றாகவே உறிஞ்சப்பட்டது. வயிற்றுத் தொல்லை உள்ளவர்களுக்கு இது வசதி. உங்களுக்கு எந்த முறை என்பதை உங்கள் ஹீமோகுளோபினைப் பார்த்து மருத்துவர் சொல்வார். எலுமிச்சை ஜூஸோடு விழுங்கலாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் பக்கத்தில் வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

ஹெல்த் மிக்ஸ் டப்பாவில் ஒரு விஷயம் மட்டும். முன்னால் பெரிதாகப் போட்டிருக்கும் சத்துக் கணக்கு பல சமயம் 100 கிராமுக்கு. நீங்கள் கலக்குவது இரண்டு ஸ்பூன். பின்னால் பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாகப் போடுவார்கள். சர்க்கரை இரண்டாவதாக வந்தால் அது இனிப்பு மாவு. வீட்டில் கேழ்வரகுக் கஞ்சி போடுங்கள், 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. டப்பாவில் இருக்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணையும் சான்றிதழாக நினைத்துவிடாதீர்கள். தயாரிப்பவருக்கு உரிமம் உண்டு என்றுதான் அதற்கு அர்த்தம், வேலை செய்யும் என்றல்ல.

அப்புறம் இந்த உதிரப்போக்கு. மகளிர் மருத்துவரைப் பார்த்து வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். 40-களில் நார்க்கட்டி, தைராய்டு, கர்ப்பப்பை உள்வரிச் சவ்வு தடித்தல் எல்லாமே காரணமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருக்கும். போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கம்மி டப்பாவையும் சேர்த்து.