திரும்பி வரும் சுமைக்கு ஏற்ற பை

கேள்வி: கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் வசிக்கிறேன். வரும் அக்டோபரில் அலுவலக நண்பர்கள் இருவருடன் ஃப்ளாட் டாப்ஸ் மலைக்காட்டுக்கு முதன்முறையாக எல்க் மான் வேட்டைக்குச் செல்கிறேன். பெண் எல்க் ஒன்றுக்கான துப்பாக்கி வேட்டை அனுமதி கிடைத்திருக்கிறது. வேட்டைக்கென்றே தைத்த பைகள் 600 டாலருக்குக் குறைந்து அகப்படவில்லை. ராணுவ உபரிக் கடையில் மூன்று பைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். அலுமினியச் சட்டகமுள்ள பழைய பச்சைப் பை 90 டாலர். சாம்பல் நிற உருமறைப்புத் துணியில் பிளாஸ்டிக் சட்டகமுள்ள பை 130 டாலர். வெளிச்சட்டகம் இல்லாத மரைன் படையின் பெரிய பை 150 டாலர். என் உயரம் 5 அடி 2 அங்குலம். எதை வாங்கலாம்?
– வாசகி, ஃபோர்ட் காலின்ஸ்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மூன்றில் அலுமினியச் சட்டகமுள்ள பச்சைப் பையையே வாங்குங்கள். விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை.

வேட்டைக்குப் பை தேடுகிறவர்கள் கூடாரம், தூக்கப்பை, மூன்று நாள் சாப்பாடு எல்லாம் உள்ளே அடங்குமா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அவ்வளவையும் எந்தப் பையும் சுமந்துவிடும். உங்கள் குறி தப்பாமல் இருந்தால் திரும்பி வரும்போது முதுகில் ஏறப்போவது கறி. வளர்ந்த பெண் எல்க் உயிரோடு ஏறத்தாழ 225 கிலோ இருக்கும். எலும்பு நீக்கிய கறியே 70 முதல் 80 கிலோ தேறும். அந்தக் கறியைக் காட்டில் விட்டுவிட்டு வர மாநிலச் சட்டமும் அனுமதிக்காது, உயிரைப் பறித்தவரின் மனசாட்சியும் அனுமதிக்கக் கூடாது. ஃப்ளாட் டாப்ஸின் பெரும்பகுதி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட வனாந்தரம் என்பதால், 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டப்படி அங்கே வண்டி வாகனம் மட்டுமல்ல, இரண்டு சக்கரக் கைவண்டிகூடக் கொண்டுபோக முடியாது. குதிரை இல்லாதவர்களுக்கு முதுகைத் தவிர வேறு வழி கிடையாது. மூன்று பேரும் ஆளுக்கு 25 கிலோ தூக்கினால் ஒரே நடையில் முடிந்துவிடும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் 3,000 மீட்டர் உயரத்தில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி, துப்பாக்கியும் தண்ணீரும் வேறு சுமந்து வரும்போது, உங்கள் உடல்வாகுக்கு 20 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பேன். இரண்டு நடையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது சட்டகத்தைத்தான். அந்தப் பச்சைப் பையை 'ஆலிஸ்' என்பார்கள். அமெரிக்கத் தரைப்படை 1973-இல் ஏற்றுக்கொண்ட சுமைச் சாதனங்களில் ஒன்று. பெரியது, நடுத்தரம் என இரண்டு அளவுகள் உண்டு. வெளியே கீழ்வரிசையில் மூன்று பைகளும் அவற்றுக்கு மேல் மூன்று சிறு பைகளும் இருந்தால் பெரியது, கீழ்வரிசை மட்டும் இருந்தால் நடுத்தரம். பெரியதில் 60 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். 32 கிலோ வரை தாங்கும் என்பது படையின் கணக்கு. பையை முழுதாகக் கழற்றிவிட்டு வெறும் அலுமினியச் சட்டகத்திலேயே பின்னந்தொடையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம் என்பதுதான் நமக்கு இதில் கிடைக்கும் பெரிய வசதி. இரத்தம் பைக்குள் ஊறாது. சுமை முதுகை ஒட்டியே நிற்கும். கறிக்குக் காற்றுப் படும். சட்டகத்தின் அடியில் மாட்டுகிற சிறிய அலுமினியத் தாங்கி ஒன்றும் உபரிக் கடைகளில் தனியாகக் கிடைக்கும். வானொலிப் பெட்டியையும் தண்ணீர்க் கேனையும் சுமக்கப் படையினர் வைத்திருந்த அந்தத் தாங்கி, எல்க் தொடையை உட்கார வைப்பதற்கும் அப்படியே பொருந்துகிறது.

மரைன் படைப் பை நல்ல தையல் உடையது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏறத்தாழ 75 லிட்டர் கொள்ளும் அந்தப் பை காலியாகவே நாலு கிலோவை நெருங்குகிறது. சட்டகம் உள்ளே இருப்பதால் கறி முழுவதும் துணிக்குள்ளேதான் போயாக வேண்டும். பிளாஸ்டிக் சட்டகமுள்ளது மோசமில்லை, இடுப்புப்பட்டை ஆலிஸைவிடத் தடிமனானது. இருந்தாலும் மரைன் படை பின்னாளில் எடுத்துக்கொண்ட வேறொரு பிளாஸ்டிக் சட்டகம் கடுங்குளிரில் உடைந்து, 2018-இல் அவர்கள் வலுவான மாற்றுச் சட்டகம் தேட வேண்டியிருந்தது. அக்டோபர் இரவின் உறைபனியில் கிடந்த பிளாஸ்டிக்கை நம்பிப் பாறைச் சரிவில் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆலிஸின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அதன் இடுப்புப்பட்டை மெலிந்தது. அப்படியே பயன்படுத்தினால் சுமை முழுவதும் தோளில் தொங்கி, இரண்டாவது கிலோமீட்டரிலேயே கை மரத்துப் போகும். தலைச்சுமைக்குச் சும்மாடு எப்படியோ அப்படி முதுகுச்சுமைக்கு இடுப்புப்பட்டை. அது தடித்து, இடுப்பெலும்பின் மேல் நன்றாகப் படிந்து உட்கார வேண்டும். பிளாஸ்டிக் சட்டகப் பையின் பட்டையை மட்டும் தனியாக வாங்கி ஆலிஸ் சட்டகத்தில் பொருத்திக்கொள்வதை அனுபவசாலிகள் பலர் செய்கிறார்கள். நீங்களும் செய்யுங்கள், அதற்காகும் செலவுக்குத் தயங்க வேண்டாம். இந்தச் சட்டகத்தின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நெட்டையானவர்களுக்கு அது தொல்லை, உங்கள் உயரத்துக்கு அநேகமாகச் சரியாக வரும். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்துகிற எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம் வரை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டு கடைக்குப் போனால், தோள்வார் எங்கே தொடங்குகிறது, பட்டை எங்கே விழுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடையில் அவசரப்படாதீர்கள். மேல்மூடியைத் திருப்பி உள்ளே மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வீசினாலோ, விரலில் பிசுபிசுப்பு ஒட்டினாலோ, நீர்புகாப் பூச்சு மக்கிவிட்டது என்று பொருள். உள்ளே தைத்திருக்கும் சீட்டில் 8465 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்கப் பொருள் எண்ணும், அதற்கருகே ஒப்பந்த எண்ணும் இருக்கும். ஒப்பந்த எண் டிஎல்ஏ100-84-சி என்பதுபோல் இருந்தால், நடுவில் உள்ள 84 என்பது 1984-ஐக் குறிக்கும். அந்தச் சீட்டே இல்லாத பை பெரும்பாலும் போலிதான். பிறகு சட்டகத்தைத் தரையில் ஊன்றி, மேல்குழாயை இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்குங்கள். குழாய்களை இணைக்கும் ரிவெட் ஆணி ஆடுகிறதா, கீழ்வளைவுகளில் மயிரிழை அளவுக்கு விரிசல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வார இறுதிச் சந்தை ஒன்றில் இதையெல்லாம் பார்க்காமல் போலிச் சட்டகம் ஒன்றை வாங்கி, மலைமேல் ரிவெட் பிடுங்கிக்கொண்டுவிட, மான்தொடை ஒன்றைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்தபடி இரண்டு கிலோமீட்டர் இறங்கியவன் நான்.

இன்னும் ஒன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு அணிய வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. இவ்வளவு பெரிய பச்சைப் பையை மாட்டிக்கொண்டால் சட்டையின் முதுகுப் பக்கம் முழுவதும் மறைந்துபோகும். அதன்மேல் கறியும் ஏறிவிட்டால், தொலைவிலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் நடமாடும் விலங்காகவே தெரியலாம். ஆரஞ்சுத் துணி ஒன்றைப் பைக்கு மேலேயும் கட்டிக்கொள்ளுங்கள்.

பையை வாங்கிய வாரமே 20 லிட்டர் தண்ணீரை அதில் ஏற்றிக்கொண்டு, உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஹார்ஸ்டூத் மலையில் ஏறிப் பாருங்கள். வழியில் இடுப்பு உயரப் பாறைகளைக் கவனித்து வையுங்கள். நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லைப்போல, தோள்வாரைக் கழற்றாமலே சுமையைச் சாய்த்து மூச்சு வாங்க அவைதான் உதவும். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்குங்கள், முழங்காலுக்கு நல்லது. அந்த ஒரு நடையில் பட்டை எங்கே அறுக்கிறது என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்ய அக்டோபர் வரை நாள் இருக்கிறது.