வாசகர் கேள்வி பதில்: ஒரே நாளில் சுக்ஷ்பிட்சே உச்சிக்கு

ஆகஸ்டில் நண்பர்கள் நான்கு பேர் ஹொல்லென்டால் மலையிடுக்கு வழியாக ஜெர்மனியின் சுக்ஷ்பிட்சே உச்சிக்கு ஏறி, அன்றே கேபிள் காரில் இறங்க நினைக்கிறோம். மியூனிக்கில் காலை முதல் ரயிலைப் பிடித்தால் போதுமா?
– வாசகர், மியூனிக்

போதாது. முந்தின நாள் மாலையே கிரைனாவ் ஊருக்கு வந்துவிடுங்கள். அதை ஒட்டிய ஹாமர்ஸ்பாக்கில்தான் ஏற்றம் தொடங்குகிறது. அங்கே உயரம் ஏறக்குறைய 760 மீட்டர், உச்சி 2962 மீட்டர். ஆக 2200 மீட்டர் ஏற வேண்டும், நடை சுமார் 10 கி.மீ.

ஆல்ப்ஸில் நேரத்தை இப்படிக் கணக்கிடுவார்கள்: ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், தூரத்துக்கு மணிக்கு 4 கி.மீ. இரண்டையும் தனித்தனியே போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். உங்களுக்கு எட்டரை மணி நேரம் வரும். சாப்பிட, ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்ட, ஏணியில் முன்னால் போகிறவர்களுக்காகக் காத்திருக்க இன்னும் ஒரு மணி.

திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். கீழே இறங்கும் கடைசி வண்டி பருவத்தைப் பொறுத்து மாலை நாலரையை ஒட்டியே கிளம்பிவிடலாம். அன்றைய நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் இடிமழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். மேலே பாறையில் கட்டிய இரும்பு வடத்தைப் பிடித்துத் தொங்கும்போது மின்னல் வந்தால் ஒதுங்க இடமே கிடையாது. அதனால் இரண்டரை மணிக்குள் உச்சியில் இருக்க வேண்டும். காலை 5 மணிக்கு ஹாமர்ஸ்பாக்கில் கிளம்பினால் 6 மணிக்கு இடுக்கின் வாசல், ஏழேகாலுக்கு ஹொல்லென்டால் ஆங்கர் குடில் (1387 மீட்டர்), பத்தரைக்குப் பனியாற்றின் (மலைச்சரிவில் கிடக்கும் பெரும் பனிக்கட்டித் திரள்) கீழ்விளிம்பு. பதினொன்றரை ஆகியும் பனியாற்றைத் தொடவில்லையென்றால், யார் எவ்வளவு தெம்பாக இருந்தாலும், வந்த வழியே திரும்புங்கள். பனியைத் தாண்டிப் பாறையில் ஏறிவிட்டால் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம்.

பிற்பகல் இடி என்று வானிலை அறிக்கை சொன்னால் அந்த நாளையே விட்டுவிடுங்கள்.

ஜெர்மனியில் இருக்கும் மகன் இந்த ஏற்றத்துக்குக் கூப்பிடுகிறான். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிய பழக்கம் உண்டு. அது போதுமா?
– வாசகர், கோவை

மூச்சுக்கும் முழங்காலுக்கும் அந்தப் பழக்கம் நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் வெள்ளியங்கிரியில் மூங்கில் தடி உச்சிவரை துணை வரும். இங்கே குடிலுக்கு மேல் இரும்பு ஏணி தொடங்குமுன் தடியை மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும், இரண்டு கைகளும் தேவை. ஏணிக்கு அடுத்து ‘பிரெட்’ என்ற வழுவழுப்பான பாறைச்சரிவு. அதில் அடித்த இரும்பு முளைகள்தாம் படி. கைக்கு வடம், காலுக்குக் கீழே வெறும் ஆழம். பலம் இருந்தும் இங்கே தலைசுற்றி நின்றுவிடுகிறவர்கள் உண்டு, பின்னால் வருகிறவர்களும் அப்படியே நிற்க வேண்டியதுதான். முதலில் ஏ அல்லது பி தரத்தில் உள்ள ஒரு சுலபமான வடப்பாதையில் (பாறையில் இரும்பு வடம் கட்டிய ஏறுபாதை) மகனோடு போய்ப் பாருங்கள். அங்கே நடுக்கம் இல்லையென்றால் இதை யோசிக்கலாம்.

கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்சட்டம்) இல்லாமலே பனியைக் கடப்பவர்களை வீடியோவில் பார்த்தோம். அதை வாடகைக்கு எடுப்பது வீண்செலவா?
– வாசகர், ஸ்டுட்கார்ட்

வீண்செலவு இல்லை. ஜூன் கடைசியில் பனியாற்றின் மேல் பழைய பனி மெத்தென்று கிடக்கும், பூட்ஸ் பதியும். ஆகஸ்டில் அது உருகி, கண்ணாடி போன்ற கடும் பனிக்கட்டி வெளியே வந்துவிடும். சரிவில் வழுக்கினால் கீழே கற்குவியல்வரை நிற்காது. ரப்பரில் மாட்டும் சிறுமுள் சங்கிலி பக்கவாட்டில் உருண்டு கழன்றுவிடும். பத்து முள்ளாவது உள்ள எஃகுக் கிராம்பான் வேண்டும். வாடகைக் கடைக்கு உங்கள் பூட்ஸையே எடுத்துப்போய் அளவு சரிசெய்யுங்கள். பனிமேல் நின்று திருகாணி தேடக்கூடாது. பனியாற்றின் வெடிப்புகளைப் புதிய பனி மூடிய நாட்களில் அவை கண்ணுக்குத் தெரியாது என்பதால், கயிறு கட்டிப் பனியாற்றில் நடக்கத் தெரியாதவர்கள் மலை வழிகாட்டியோடு போவதே சரி.

உண்மையான சோதனை பனியின் மேல்முனையில். பனி பாறையை விட்டு விலகி ஒரு பிளவு விடும், ‘ராண்ட்க்ளுஃப்ட்’ என்பார்கள். கோடை ஏற ஏறப் பனி தாழும், பிளவு அகலும், முதல் பிடி கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதன் அன்றைய நிலையைக் குடில்காரரிடம் கேட்காமல் மேலே போகாதீர்கள். வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

அதற்கு மேல் உச்சிவரை வடப்பாதை. அதிர்ச்சி தாங்கும் பட்டையுள்ள வடப்பாதை செட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். மேலே போகிறவர்களின் காலடியில் கற்கள் உருளும். செட்டின் இரண்டு காரபினரையும் (வடத்தில் மாட்டும் கொக்கிகள்) ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்: வடத்தைப் பாறையோடு பிணைக்கும் முளை வந்ததும் ஒன்றைக் கழற்றி அடுத்த வடத்தில் மாட்டி, பிறகு மற்றது. இரண்டு முளைகளுக்கு நடுவே ஒருவர் மட்டும். மேலே இருப்பவர் விழுந்தால் அந்த முளைவரை சறுக்குவார், கீழே நிற்பவரையும் அடித்துக்கொண்டு. 2017ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரப்படி செய்த செட் 40 முதல் 120 கிலோ எடைக்கானது. அதற்கு வெளியே உள்ளவர்களுக்கு இது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

இடுக்குக்குள் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

மேலிருந்து தண்ணீர் கொட்டும், மழைச்சட்டையை வாசலிலேயே போட்டுவிடுங்கள். குடைந்த சுரங்கங்கள் இருட்டு, ஹெட்லாம்ப் வேண்டும். குளிர்காலத்தில் இடுக்கு மூடியிருக்கும். மூடிய நேரத்தில் குடிலுக்குப் போக மேலே ‘ஷ்டாங்கென்ஷ்டைக்’ என்ற பாதை உண்டு. குடிலில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் நிரப்புங்கள். கீழே 25 டிகிரி என்றால் உச்சியில் பத்தைத் தொடும், காற்று வேறு. கோடையிலும் பனி பெய்வதுண்டு. கையுறையும் கதகதப்பான சட்டையும் பைக்குள் இருக்கட்டும்.

பனியாறு இல்லாமல் இடுக்கும் உச்சியும் கிடைக்குமா?
– வாசகர், சென்னை

கிடைக்கும். கிரைனாவுக்குப் பக்கத்து ஊரான கார்மிஷிலிருந்து பார்ட்னாக் இடுக்கைக் கடந்து ரைன்டால் வழி. 1820இல் யோசெஃப் நாவுஸ் முதன்முதலாக உச்சி தொட்டது இந்தப் பக்கத்திலிருந்துதான். சுமார் 21 கி.மீ. நடை என்பதால் ஒரே நாளில் வேண்டாம். வழியில் ரைன்டால் ஆங்கர் குடில், க்னோர் குடில் இரண்டில் ஒன்றில் முன்பதிவு செய்து இரவு தங்குங்கள்.

எந்த வழியானாலும் அவசர எண் 112. அழைப்பு போகாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைப் பார்த்துவிட்டார்கள். இருக்கும் இடத்தை விட்டு நகராதீர்கள்.