‘பாதிக் கடனில் முடித்துத் தருகிறோம்’: போனில் வரும் கடன் உதவியை நம்பலாமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 34,000 ரூபாய். மூன்று கிரெடிட் கார்டுகளிலும் சேர்த்து 4 லட்சம் பாக்கி. ஒரு கடன் செட்டில்மெண்ட் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. “நேரில் வர வேண்டாம், வாட்ஸ்அப்பிலேயே எல்லாம் முடிந்துவிடும். வங்கிக்குக் கட்டுவதை நிறுத்துங்கள். எங்களுக்கு மாதம் 3,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டுங்கள். 18 மாதத்தில் பாதித் தொகையில் முடித்துத் தருகிறோம். மிச்சமாகும் பணத்தில் 15 சதவீதம் எங்களுக்கு” என்கிறார்கள். சேரலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: சேர வேண்டாம். அவர்கள் சொன்ன எண்களையே வைத்துக் கணக்குப் போட்டால் ஏனென்று தெரிந்துவிடும்.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சத்துக்கு மாதம் 14,000 ரூபாய். நீங்கள் கட்டாமல் விடும் 18 மாதத்தில் வட்டி மட்டும் 2,52,000 ஏறும். வட்டிக்கு வட்டி, தாமதக் கட்டணம் எதையும் சேர்க்காமலே பாக்கி 6,52,000 ஆகிவிடும். அவர்கள் சொல்லும் ‘பாதி’ இந்த வீங்கிய தொகையில் பாதி, அதாவது 3,26,000. அதற்கு மேல் மாதக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 63,720. ‘மிச்சமான’ 3,26,000க்கு 15 சதவீதம் 48,900. கூட்டினால் 4,38,620 ரூபாய். இன்று இருக்கும் கடனைவிட அதிகம். இதில் இடைத்தரகருக்குப் போவது மட்டும் 1,12,620. வங்கி பாதிக்கு ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. உங்கள் பெயரில் வழக்குப் போட்டால் நீதிமன்றத்தில் நிற்கப்போவதும் நீங்கள்தான்.

அவர்கள் செய்வதாகச் சொல்லும் வேலையை நீங்களே வீட்டிலிருந்து, செலவில்லாமல் செய்யலாம். வங்கியில் பதிவு செய்திருக்கும் உங்கள் மின்னஞ்சலிலிருந்து, ஒவ்வொரு வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள். சம்பளச் சீட்டு, ஆறு மாத ஸ்டேட்மெண்ட், வீட்டுச் செலவு விவரம் மூன்றையும் இணையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, கார்டு பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தரும்படி. ஆண்டுக்கு 18 சதவீதத்தில் 4 ஆண்டுத் தவணை கிடைத்தால் 4 லட்சத்துக்கு மாதம் 11,750 ரூபாய் அளவில் வரும். இப்போது வட்டிக்கு மட்டும் போகும் 14,000ஐவிட இது குறைவு, அசலும் தீர்ந்துவிடும். செட்டில்மெண்ட் அளவுக்குச் சிபில் அறிக்கையும் கெடாது. மினிமம் தொகையைக் கட்டிக்கொண்டே வருடங்களைக் கழிக்கும் எத்தனையோ பேருக்கு இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

அதுவும் கட்ட முடியாத நிலை வந்தால் செட்டில்மெண்ட் பற்றிப் பேசலாம். இப்படிச் சமரசம் செய்வதற்கு வங்கிகள் தங்கள் இயக்குநர் குழு ஒப்புதலோடு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆகவே நடுவில் யாரும் தேவையில்லை. இதற்கும் விலை உண்டு. கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அந்த வங்கி குறைந்தது 12 மாதம் உங்களுக்குப் புதுக் கடன் தராது.

வங்கி ஒத்துக்கொண்டால், அதற்கான கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கார்டு எண், தொகை, கட்ட வேண்டிய தேதி, இதோடு கணக்கு முழுவதும் தீர்ந்தது என்ற வரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். பணத்தை அந்தக் கார்டு கணக்குக்கே கட்டுங்கள், ஏஜெண்டின் யுபிஐக்கு வேண்டாம். கட்டி முடித்ததும் ‘நோ டியூ’ (பாக்கி இல்லை) சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், தவணை தவறும்போது வங்கி அந்தக் கணக்கிலிருந்தே பணத்தை எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. வீட்டு வாடகைக்கு வைத்த பணம் திடீரென்று காணாமல் போகும். சம்பளம் வேறு வங்கிக்கு வரும்படி கம்பெனியில் கேளுங்கள்.

கேள்வி: கணவருக்கு மளிகைக் கடையில் நஷ்டம். வங்கிக்கும் வட்டிக்காரர்களுக்கும் சேர்த்து 11 லட்சம் கடன். ஒருவர் போனில், “25,000 ரூபாயும் ஆதார் நகலும் அனுப்புங்கள். கோர்ட்டுக்கே வராமல் ஐ.பி. (திவால் மனு) போட்டு, கடன் கொடுத்த எல்லோருக்கும் மஞ்சள் நோட்டீஸ் (திவால் அறிவிப்பு) அனுப்பிவிடலாம். அதற்கு முன்னால் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்” என்கிறார். செய்யலாமா?
– வாசகி, தேனி

பதில்: அம்மா, வீட்டை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள். சொத்தைக் கைமாற்றி 2 ஆண்டுக்குள் ஐ.பி. மனு போட்டு, அதில் திவாலானவர் என்ற உத்தரவும் வந்தால், அந்தக் கைமாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் சொத்தை மறைத்தார் என்று உறுதியானால் உங்கள் கணவருக்குச் சிறைத் தண்டனைகூட வரலாம். இந்த யோசனையைச் சொன்ன ஆளோடு பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் மாவட்டத்துக்குப் பொருந்துவது 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். (சென்னைக்கு மட்டும் 1909ஆம் ஆண்டுச் சட்டம்.) 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிமனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடை வைத்துக் கடன்பட்டவருக்கு இன்னும் அந்தப் பழைய வழிதான்.

அதில் எல்லாக் கடன்களையும் கடன் கொடுத்தவர்களையும் சொத்துகளையும் எழுதி மனுப் போட வேண்டும். நீதிமன்றம் உங்கள் கணவரை விசாரிக்கும். யோசனையைப் போனில் கேட்கலாம், விசாரணைக்கு வாட்ஸ்அப் போதாது. மஞ்சள் நோட்டீஸ் போனதாலேயே கடன் ஒழிந்துவிடாது. திவாலானவர் என்று உத்தரவு வந்த பிறகுதான், நீதிமன்ற அனுமதி இல்லாமல் யாரும் அந்தக் கடனுக்கு வழக்குப் போட முடியாது. அவருடைய சொத்து அப்போது நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போய்விடும். வீட்டை அடமானமாக வாங்கிய வங்கியை இந்த உத்தரவும் தடுக்காது. அரசுக்கு உள்ள பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை கடைசிவரை நிற்கும்.

25,000 ரூபாயை அனுப்புவதற்கு முன் 15100க்குப் போன் செய்யுங்கள். இது தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச எண். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் யாரைப் பார்ப்பது என்று அங்கே சொல்வார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. உங்கள் கணவருக்கு வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். வங்கிக் கடனை வழக்காகும் முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடிக்கும்படி அங்கேயே மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. ஆனால் அங்கே கையெழுத்தான முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதைக் கடைக் கணக்கை வைத்து வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

வட்டிக்காரர்கள் விஷயம் தனி. கந்துவட்டி, மீட்டர் வட்டியெல்லாம் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை. கொடுத்த பணத்துக்கான துண்டுச் சீட்டு, போன்பே ரசீது என்று கையில் இருப்பதையெல்லாம் ஒரு கவரில் போட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய வங்கிக் கடனுக்கு என் அக்காவுக்கு இரவு 9 மணிக்குப் போன் செய்து திட்டுகிறார் வசூல் ஏஜெண்ட். என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 உத்தரவு. மிரட்டுவதையும், குடும்பத்தாரைத் தொந்தரவு செய்வதையும் அதே உத்தரவு தடை செய்கிறது. அழைப்பைப் பதிவு செய்யுங்கள். எந்த எண்ணிலிருந்து, எப்போது வந்தது என்று குறித்து வங்கிக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே இலவசமாக முறையிடலாம். விவரம் கேட்க 14448. கடன் ஆப் ஆட்கள் உங்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் 30 நாள் காத்திருக்க வேண்டாம், உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930ஐ அழையுங்கள்.